12 இன்ச் சப்வூஃபருக்குப் பெட்டி: சீல்டா, போர்ட்டடா, எத்தனை லிட்டர்?

"12 இன்ச் சப்வூஃபர் டிரைவர் வாங்கிவிட்டேன். பெட்டியை நானே செய்யப்போகிறேன். சீல்டு நல்லதா, போர்ட்டட் நல்லதா? எவ்வளவு பெரிசாக, எந்த மரத்தில் செய்வது?" என்று கேட்டிருக்கிறீர்கள். டிரைவர் (பெட்டி இல்லாத வெறும் ஸ்பீக்கர்) எத்தனை வாட் என்றும் சொல்லியிருக்கிறீர்கள். பெட்டிக்கு அந்த வாட் கணக்கு உதவாது. 12 இன்ச் என்பதும் கிட்டத்தட்ட உதவாது. ஒரே 12 இன்ச்சில் 30 லிட்டரில் திருப்தியாக வேலை செய்யும் டிரைவரும் உண்டு, 120 லிட்டர் கொடுத்தால்தான் வாயைத் திறக்கும் டிரைவரும் உண்டு. பெட்டியின் அளவை நாம் ஆசைப்பட்டு வைப்பதில்லை. டிரைவரோடு வந்த தாளில் இருக்கும் நாலைந்து எண்கள்தான் அதை முடிவு செய்கின்றன. அந்தத் தாளை முதலில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டி எதற்கு என்பதில் ஆரம்பிக்கலாம். டிரைவரில் முன்னும் பின்னும் ஆடும் கூம்பான கோன் முன்பக்கம் காற்றைத் தள்ளும் அதே நொடியில் பின்பக்கம் உறிஞ்சுகிறது. 40 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் எட்டரை மீட்டருக்கு மேல். அவ்வளவு நீளமான அலைக்கு ஒரு அடி அகல டிரைவரைச் சுற்றி வருவது பெரிய காரியமில்லை. முன்னால் போனதும் பின்னால் வந்ததும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு ஒன்றுமில்லாமல் போய்விடும். டிரைவரைப் பெட்டி இல்லாமல் மேஜையில் வைத்து ஓட்டிப் பாருங்கள், கோன் குதிக்கும், பேஸ் வராது. ஆக, பின்பக்க ஒலியை என்ன செய்வது என்பதுதான் முழுக் கேள்வியும். அடைத்து வைத்தால் சீல்டு. போர்ட் என்ற திறந்த குழாய் வழியாகத் திருப்பிப் போட்டு நமக்கே வேலை செய்ய வைத்தால் போர்ட்டட்.

இனி அந்த எண்கள். ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961-இல் வெளியிட்ட கட்டுரையும், அதைத் தொடர்ந்து 1970-களின் தொடக்கத்தில் ரிச்சர்ட் ஸ்மால் எழுதிய கட்டுரைகளும்தான் இன்றைக்கு எல்லோரும் பயன்படுத்தும் கணக்குக்கு அடித்தளம். அதனால்தான் இவற்றைத் தீல்-ஸ்மால் அளவுகள் என்கிறோம். எஃப்எஸ் என்பது பெட்டி இல்லாமல் டிரைவர் தானாக ஒத்ததிரும் அதிர்வெண். விஏஎஸ் என்பது லிட்டர் கணக்கு: டிரைவரின் சஸ்பென்ஷன் (கோனைப் பிடித்து நடுநிலைக்குத் திருப்பும் வளையங்கள்) எவ்வளவு விறைப்போ, அதே விறைப்பு எத்தனை லிட்டர் காற்றுக்கு இருக்கும் என்று சொல்வது. கியூடிஎஸ் என்பது கோன் எவ்வளவு கட்டுப்பாட்டில் இருக்கிறது என்பதைக் காட்டும் எண். பெரிய காந்தம், வலுவான மோட்டார் இருந்தால் கியூடிஎஸ் சிறிசாக இருக்கும். எக்ஸ்மேக்ஸ் என்பது வாய்ஸ் காயில் (கோனை ஆட்டும் கம்பிச் சுருள்) காந்தப் புலத்தை விட்டு வெளியேறாமல் ஒரு பக்கம் எத்தனை மில்லிமீட்டர் போகலாம் என்பது. பேஸ் விஷயத்தில் உண்மையான பலம் இந்த எக்ஸ்மேக்ஸில்தான் இருக்கிறது, அட்டையில் போட்டிருக்கும் வாட்டில் இல்லை.

இன்னொரு எண் கியூஇஎஸ், கியூடிஎஸ்-இல் காந்தமும் காயிலும் தரும் மின்பக்கக் கட்டுப்பாட்டை மட்டும் காட்டுவது. எஃப்எஸ்-ஐ கியூஇஎஸ்-ஆல் வகுத்தால் வரும் எண் 50-க்குக் கீழே இருந்தால் சீல்டு, 100-க்கு மேலே இருந்தால் போர்ட்டட், நடுவில் இருந்தால் எப்படியும் செய்யலாம். இது குத்துமதிப்பான விதிதான், முதல் வடிகட்டலுக்குப் போதும்.

ஒரு டிரைவரை உதாரணமாக எடுத்துக்கொண்டு முழுக்கப் போட்டுப் பார்த்துவிடலாம். எஃப்எஸ் 25 ஹெர்ட்ஸ், கியூடிஎஸ் 0.45, கியூஇஎஸ் 0.49, விஏஎஸ் 80 லிட்டர். உங்கள் எண்களை இதே இடங்களில் மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். 25-ஐ 0.49-ஆல் வகுத்தால் 51. அதாவது இரண்டு பக்கமும் போகக்கூடிய டிரைவர், சீல்டு பக்கம் கொஞ்சம் சாய்வு அதிகம்.

சீல்டு பெட்டியில் அடைபட்ட காற்று ஒரு கூடுதல் ஸ்பிரிங் மாதிரி வேலை செய்கிறது. பெட்டியில் மாட்டியதும் ஒத்ததிர்வு மேலே ஏறும், கியூடிஎஸ்-ஆக இருந்த கியூவும் ஏறும். அந்த இறுதிக் கியூ 0.707 ஆக இருந்தால் மேடு பள்ளமில்லாத, சமமான பேஸ் கிடைக்கும் என்பது கணக்கு. பெட்டி அளவு கண்டுபிடிக்க: 0.707-ஐ கியூடிஎஸ்-ஆல் வகுங்கள், வந்ததை வர்க்கப்படுத்துங்கள், 1 கழியுங்கள், விஏஎஸ்-ஐ அந்த எண்ணால் வகுங்கள். நம் டிரைவருக்கு 0.707-ஐ 0.45-ஆல் வகுத்தால் 1.57, வர்க்கம் 2.47, ஒன்று போனால் 1.47. 80-ஐ 1.47-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 55 லிட்டர். ஒத்ததிர்வு 25-லிருந்து 1.57 மடங்காகி 39 ஹெர்ட்ஸ் ஆகும். அந்த 39-இல் ஒலி 3 டெசிபல் குறைந்திருக்கும், அதற்குக் கீழே ஒவ்வொரு ஆக்டேவுக்கும் (அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு படிக்கும்) 12 டெசிபல் வீதம் இறங்கும்.

இடம் இல்லை, 35 லிட்டர்தான் முடியும் என்றால்? கியூ 0.82 ஆகும், ஒத்ததிர்வு 45 ஹெர்ட்ஸ். கேட்க மோசமாக இருக்காது. மேல் பேஸ் கொஞ்சம் தடித்துக் கேட்கும், அடி கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். சீல்டு பெட்டியில் எனக்குப் பிடித்ததே இந்தப் பொறுமைதான். ஐந்து லிட்டர் முன்னே பின்னே போனாலும் கோபித்துக்கொள்ளாது.

போர்ட்டட் அப்படியில்லை. பாட்டில் வாயில் ஊதினால் ஒரு சுதியில் சத்தம் வருகிறதல்லவா, அதே இயற்பியல்தான் இங்கும். போர்ட்டுக்குள் இருக்கும் காற்று ஒரு எடை, பெட்டிக்குள் இருக்கும் காற்று ஒரு ஸ்பிரிங். இரண்டும் சேர்ந்து ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் ஆடும். அதுதான் ட்யூனிங். அந்த அதிர்வெண்ணில் கோன் கிட்டத்தட்ட அசையாமல் நிற்க, போர்ட் மொத்த ஒலியையும் கொடுக்கும். பார்த்தால் வேடிக்கையாக இருக்கும்: அறை அதிர்கிறது, கோன் சும்மா நிற்கிறது. ஆனால் ட்யூனிங்குக்குக் கீழே போனால் போர்ட் வெறும் ஓட்டை. கோனுக்குப் பின்னால் தடுக்க எதுவும் இல்லாமல் போய், கொஞ்சம் பவருக்கே எக்ஸ்மேக்ஸைத் தாண்டிக் குதிக்கும். ஒலியும் அங்கே ஆக்டேவுக்கு 24 டெசிபல் வீதம் செங்குத்தாகச் சரியும். ஆகவே போர்ட்டட் செய்தால் ஆம்ப்ளிஃபையரில் மிகத் தாழ்ந்த அதிர்வெண்களை வெட்டிவிடும் சப்சானிக் ஃபில்டர் கட்டாயம். ட்யூனிங்குக்குச் சற்றுக் கீழே அதை வையுங்கள். அந்த வசதி இல்லாத ஆம்ப்ளிஃபையர் என்றால் போர்ட்டட் பற்றி யோசிக்காமல் இருப்பதே நல்லது.

நம் டிரைவருக்குப் போர்ட்டடில் சமமான பேஸ் வேண்டுமானால் ஏறக்குறைய 120 லிட்டர், 22 ஹெர்ட்ஸ் ட்யூனிங் வேண்டும். பதிலுக்கு அது 20 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். 55 லிட்டருக்கு 39, 120 லிட்டருக்கு 20. கேஎல்எச் ஸ்பீக்கர் நிறுவனத்தின் பெயரில் வரும் எச்-க்குச் சொந்தக்காரர் ஹாஃப்மன். அவர் பெயரில் ஒரு 'இரும்பு விதி' வழக்கத்தில் இருக்கிறது: சின்னப் பெட்டி, ஆழமான பேஸ், குறைந்த பவரில் அதிகச் சத்தம், இந்த மூன்றில் இரண்டுதான் கிடைக்கும். கையளவு பெட்டியில் மூன்றும் தருகிறோம் என்று யாராவது விற்றால், மூன்றாவதை எங்கே ஒளித்திருக்கிறார்கள் என்று தேடுங்கள். பெரும்பாலும் ஆம்ப்ளிஃபையரில் ஒளிந்திருக்கும். சீல்டு பெட்டியில் 20 ஹெர்ட்ஸை ஈக்வலைசரில் 12 டெசிபல் தூக்கினால் அந்த இடத்தில் 16 மடங்கு பவர் கேட்கிறீர்கள், கோனின் அசைவும் நாலு மடங்கு. எக்ஸ்மேக்ஸ் தாராளமாக இருந்தால் செய்யலாம், இல்லாவிட்டால் வாய்ஸ் காயில்தான் பலி.

போர்ட் நீளத்துக்கு வருவோம். நிறையப் பேர் இங்கேதான் கணக்கை விட்டுவிட்டுக் கையில் கிடைத்த குழாயை மாட்டுகிறார்கள். வட்டக் குழாய் ஒன்று என்றால் சூத்திரம் இது: குழாயின் உள்விட்டத்தை சென்டிமீட்டரில் எடுத்து வர்க்கப்படுத்தி 23,562-ஆல் பெருக்குங்கள். ட்யூனிங் அதிர்வெண்ணின் வர்க்கத்தைப் பெட்டி லிட்டரால் பெருக்கி, முன்னதைப் பின்னதால் வகுங்கள். வந்ததிலிருந்து விட்டத்தின் 0.73 பங்கைக் கழித்தால் நீளம் சென்டிமீட்டரில் கிடைக்கும். 120 லிட்டர், 22 ஹெர்ட்ஸுக்கு ஏழரை சென்டிமீட்டர் குழாய் என்றால் 17 சென்டிமீட்டர் நீளம் போதும். பத்து என்றால் 33. பதினைந்து என்றால் 80 சென்டிமீட்டர்!

ஏழரையே போதுமே, சின்னதாக முடிந்துவிடுகிறதே என்று தோன்றும். முடியாது. ஒரு 12 இன்ச் டிரைவர் தள்ளும் காற்று முழுக்க அந்தச் சின்ன வாய் வழியாகப் போய் வர வேண்டும். வேகம் கூடினால் 'புஸ் புஸ்' என்று காற்றுச் சத்தம் கேட்கும், இன்னும் கூடினால் போர்ட் மூச்சுத் திணறி வேலையே செய்யாது. நொடிக்கு 17 மீட்டருக்குள் வைத்தால் பயமில்லை. வாய் அகன்று வளைந்த போர்ட் என்றால் சற்று மேலே போகலாம். உங்கள் பவருக்கு எவ்வளவு வேகம் வரும் என்பதை வின்ஐஎஸ்டி போன்ற இலவச மென்பொருளில் எண்களைப் போட்டால் வரைபடமாகவே காட்டும். 12 இன்ச்சை நன்றாகச் சத்தமாக ஓட்ட 15 சென்டிமீட்டர் போர்ட் தேவைப்படுவது சகஜம். அந்த 80 சென்டிமீட்டர் குழாய் பெட்டிக்குள் 16 லிட்டர் இடத்தைத் தானே சாப்பிடும். அதைச் சேர்த்து, டிரைவரின் உடம்புக்கு 3 லிட்டர், குறுக்குச் சட்டங்களுக்கு 4 லிட்டர் சேர்த்தால், 120 லிட்டர் பெட்டி உள்ளளவில் 143 லிட்டராக நிற்கும். குழாயை முழங்கை போட்டு வளைக்கலாம், உள்வாய்க்கும் சுவருக்கும் நடுவே குறைந்தது ஒரு விட்டம் இடைவெளி விட வேண்டும். அதுவும் கொள்ளவில்லை என்றால் பாஸிவ் ரேடியேட்டர் ஒரு வழி: போர்ட்டுக்குப் பதில் காந்தமில்லாத ஒரு கோன், எடை கூட்டி ட்யூன் செய்வது. காற்றுச் சத்தம் கிடையாது, காசு மட்டும் கூடும்.

பேண்ட்பாஸ் பெட்டி பற்றியும் சிலர் கேட்பார்கள். டிரைவரை உள்ளே ஒளித்து, போர்ட் வழியாக மட்டும் ஒலியை வெளியே விடுவது. தப்பாகக் கணக்குப் போட்டால் எந்தப் பாட்டுக்கும் ஒரே சுதியில் 'தும் தும்' என்று அடிக்கும். முதல் பெட்டிக்கு வேண்டாம். டிரான்ஸ்மிஷன் லைன், ஹார்ன் என்ற மற்றப் பெட்டி வகைகளும் அப்படியே.

சரி, சீல்டா போர்ட்டடா? முதல் பெட்டி என்பதால், உங்கள் எண்கள் கண்டிப்பாக மறுக்காத வரைக்கும், சீல்டு என்பேன். 39 ஹெர்ட்ஸோடு நின்றுவிடுகிறதே என்று கவலைப்பட வேண்டாம். மூடிய அறைக்குள் அறையின் நீளமே உதவிக்கு வரும். 5 மீட்டர் நீள அறையில் ஏறக்குறைய 34 ஹெர்ட்ஸுக்குக் கீழே அழுத்தம் தானாக ஏற ஆரம்பிக்கும். சுவரும் கதவும் எவ்வளவு கெட்டி என்பதைப் பொறுத்து அது ஆக்டேவுக்கு 12 டெசிபல் வரை போகலாம். சீல்டு பெட்டி இறங்கும் சரிவும் அதே 12. ஒன்றை ஒன்று ஓரளவு ஈடுகட்டிவிடும். காருக்குள் இது இன்னும் பலமாகவும் இன்னும் மேலேயும் தொடங்கும், அதனால்தான் காரில் சின்ன சீல்டு பெட்டிகூட அடிவயிற்றைக் கலக்குகிறது. சினிமாவின் வெடிச் சத்தம்தான் முக்கியம், அறை பெரிசு, 140 லிட்டர் பெட்டியை வீட்டில் யாரும் திட்டமாட்டார்கள் என்றால், அப்போது போர்ட்டட்.

செய்முறைக்கு 55 லிட்டர் சீல்டையே எடுத்துக்கொள்கிறேன். டிரைவருக்கும் சட்டங்களுக்கும் 5 சேர்த்து உள்ளளவு 60 லிட்டர். 40 அகலம், 40 உயரம், 37.5 ஆழம், எல்லாம் சென்டிமீட்டரில். 18 மில்லிமீட்டர் பலகையில் வெட்டினால்: முன்பலகை இரண்டு, பின்பலகை ஒன்று, மூன்றும் 43.6-க்கு 43.6. மேலும் கீழும் 43.6-க்கு 37.5. பக்கவாட்டு இரண்டும் 40-க்கு 37.5. முன்பக்கம் இரட்டைப் பலகை, 36 மில்லிமீட்டர். டிரைவரின் எடை முழுக்க அதில் தொங்குகிறது, ஓட்டை வேறு போடுகிறோம்.

வடிவத்தைப் பற்றி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். கன சதுரம் ஆகாது, தங்க விகிதத்தில்தான் வெட்ட வேண்டும், பின்பலகை சாய்ந்திருக்க வேண்டும் என்றெல்லாம் சொல்வார்கள். 40 சென்டிமீட்டர் இடைவெளியில் நிலை அலை உருவாவது 430 ஹெர்ட்ஸ் பக்கத்தில். சப்வூஃபர் 80, 100-லேயே கைகழுவிவிடுகிறது. அந்த அறிவுரை முழு அலைவரிசை ஸ்பீக்கருக்கு உரியது, இங்கே தேவையில்லை.

உறுதி மட்டும் தேவை. இதன் காரணத்தை எண்ணிலேயே பார்க்கலாம். 12 இன்ச் கோனின் பரப்பு ஏறக்குறைய 500 சதுர சென்டிமீட்டர். அது உள்ளே ஒரு சென்டிமீட்டர் வந்தால் அரை லிட்டர் காற்று நசுங்குகிறது. 55 லிட்டரில் அது ஒரு சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. ஆனால் அந்த அழுத்தம் 40-க்கு 40 பலகை ஒவ்வொன்றின் மேலும் 20 கிலோ எடை வைத்த மாதிரி தள்ளும், அடுத்த கணம் அதே பலத்தில் உள்ளே இழுக்கும், நொடிக்கு முப்பது நாற்பது தடவை. 12 மில்லிமீட்டர் பலகை போட்டால் கை வைத்தாலே துடிப்பது தெரியும். 18 மில்லிமீட்டரும், நடுவில் ஜன்னல் மாதிரி ஓட்டை போட்ட ஒரு குறுக்குப் பலகையும் இருந்தால் போதும். அந்தக் குறுக்குப் பலகை நான்கு சுவரையும் தொட வேண்டும். சரியாக நடுவில் வைக்காமல் கொஞ்சம் தள்ளி வையுங்கள், இரண்டு பாதியும் ஒரே சுதியில் அதிராது. காந்தத்துக்கு இடிக்கிறதா என்று வெட்டும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

மரம்: எம்டிஎஃப் (மர நாரை அழுத்திச் செய்த பலகை) சமமாக இருக்கும், சுத்தமாக வெட்டும், விலை குறைவு. கனம், தண்ணீர் பட்டால் ஊதிவிடும், அதன் தூள் நெஞ்சுக்கு ஆகாது, முகமூடி இல்லாமல் அறுக்காதீர்கள். தூக்கிக்கொண்டு அலையும் பெட்டி என்றால் பல அடுக்கு பிர்ச் பிளைவுட், எடை குறைவு, முனை உடையாது. துகள் பலகை வேண்டாம், ஸ்க்ரூ பிடிக்காது. எம்டிஎஃப்பின் விளிம்பில் நேராக ஸ்க்ரூ போட்டால் பிளக்கும், முன்னோடி ஓட்டை போட்டே இறக்க வேண்டும். உண்மையில் பெட்டியைப் பிடித்து நிற்பது பசைதான். வெள்ளை மரப்பசை காய்ந்தால் இணைப்பு உடையும் முன் எம்டிஎஃப்பே கிழியும். ஸ்க்ரூவும் கிளாம்ப்பும் பசை காயும் வரை பிடித்திருக்க மட்டுமே. ஆகவே பலகைகளைக் கடையிலேயே இயந்திர ரம்பத்தில் வெட்டி வாங்குங்கள். வெட்டு நேராக இருந்தால் மீதியெல்லாம் எளிது. கை ரம்பத்தில் அரை மில்லிமீட்டர் கோணல் வந்தால் கடைசி மூலையில் அது இடைவெளியாக வந்து நிற்கும்.

டிரைவர் ஓட்டையை மரம் குடையும் ரூட்டரும் வட்ட ஜிக்கும் வைத்துப் போட்டால் அழகாக வரும். ஜிக்சாவில் போட்டாலும் குற்றமில்லை, டிரைவரின் விளிம்பு மறைத்துவிடும். ஓட்டை அளவைத் தாளில் பார்த்ததோடு நிற்காமல் டிரைவரையே அளந்து பாருங்கள். டிரைவரை மர ஸ்க்ரூவில் மாட்டாதீர்கள். இரண்டு முறை கழற்றி மாட்டினால் எம்டிஎஃப் பொடியாகி ஓட்டை தளர்ந்துவிடும். பலகையின் உள்பக்கம் டீ-நட் (மரத்தில் அடித்துப் பதிக்கும் நட்) அடித்து, மெஷின் போல்ட்டில் மாட்டுங்கள். டிரைவருக்கும் பலகைக்கும் நடுவில் நுரை நாடா ஒரு சுற்று.

எல்லா மூலையிலும் உள்ளே சீலண்ட் ஒரு வரி இழுத்துவிடுங்கள். புளித்த வாடை அடிக்கும் சிலிகான் என்றால், வாடை முழுக்கப் போகும் வரை டிரைவரை மாட்டக் கூடாது. அந்த ஆவி டிரைவரின் பசைகளுக்கும் உலோகத்துக்கும் ஆகாது. ஒயர் வெளியே வரும் டெர்மினல் தட்டையும் மறக்காதீர்கள், கசிவு பெரும்பாலும் அங்கேதான். மாட்டி முடித்ததும் கோனை நாலு விரலால் சமமாக, மெதுவாக உள்ளே அழுத்தி விடுங்கள். நிதானமாகத் திரும்பி வந்தால் பெட்டி இறுக்கம். சட்டென்று துள்ளி வந்தால் எங்கோ ஓட்டை. குறைந்த அதிர்வெண் ஓட்டிக்கொண்டே ஈரக் கையை மூலைகளில் நகர்த்தினால் காற்று படும் இடம் சில்லென்று காட்டிக்கொடுக்கும்.

சீல்டு பெட்டிக்குள் தலையணைப் பாலியெஸ்டர் பஞ்சைத் தளர்வாக நிரப்பினால் பெட்டி பத்து சதவீதம் அளவுக்குப் பெரிசானது போல நடந்துகொள்ளும். 35 லிட்டரில் சிக்கிக்கொண்டவர்களுக்கு இது கொஞ்சம் ஆறுதல். திணித்தால் பலன் தலைகீழாகும். போர்ட்டட் பெட்டியில் நிரப்பவே கூடாது, சுவரில் மெல்லிய படுகை போதும், போர்ட்டின் வாயருகில் அதுவும் கூடாது.

ஒயரிங் ஒரு வரி: இரட்டை வாய்ஸ் காயில், ஒவ்வொன்றும் 4 ஓம் என்றால், தொடராக இணைத்தால் 8, பக்கமாக இணைத்தால் 2. உங்கள் ஆம்ப்ளிஃபையர் 2 ஓம் தாங்குமா என்று பார்த்துவிட்டு இணையுங்கள். ஒரு காயிலை மட்டும் இணைத்து மற்றதைச் சும்மா விட்டால் தாளில் உள்ள கியூ மாறிவிடும், மேலே போட்ட கணக்கு எதுவும் பொருந்தாது.

போர்ட்டட் செய்தே தீருவேன் என்பவர்களுக்குக் கடைசியாக ஒன்று. போர்ட் குழாயைக் கணக்கில் வந்ததைவிட ஐந்து சென்டிமீட்டர் நீளமாக வெட்டி, ஒட்டாமல் செருகி வையுங்கள். ஃபோனில் சைன் டோன் செயலியை வைத்து, குறைந்த சத்தத்தில் 30 ஹெர்ட்ஸிலிருந்து ஒவ்வொன்றாக இறங்குங்கள். கோனின் மேல் டார்ச் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால் அசைவு நன்றாகத் தெரியும். எந்த எண்ணில் கோன் மிகக் குறைவாக ஆடுகிறதோ அதுதான் உங்கள் ட்யூனிங். ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் டிரைவரின் இம்பீடன்ஸ் (ஓம் கணக்கில் மின்தடுப்பு) அளக்க வசதி இருந்தால் இன்னும் துல்லியம்: இரண்டு மேடுகள் வரும், நடுவில் உள்ள பள்ளம்தான் ட்யூனிங். 22 வேண்டியிருக்க 20.5 காட்டினால் ஒரு சென்டிமீட்டர், ஒரு சென்டிமீட்டராக வெட்டிப் பாருங்கள். ஒரேயடியாக வெட்டிவிட்டால் திரும்ப நீட்ட முடியாது. பசை போடுவது அதற்கு அப்புறம்.